ஸ்டிக்கரைக் கிழித்தால் பழைய விலை

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் போனில் பிடித்தார். பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதென்று அண்ணன் மகன் அதில் விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் உபுண்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். நாலு மாதமாக இவரே ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். இடது ஓரத்தில் நின்ற ஐகான் பட்டையைக் கீழே இறக்கினார், எழுத்தைப் பெரிதாக்கினார், தோற்றத்தைக் கறுப்பாக்கினார், மெனுவில் 'லிப்ரே ஆபீஸ் கால்க்' என்றிருந்த கணக்குப் போடும் செயலிக்கு 'பில் புக்' என்று பெயர் வைத்தார். கடைசியில் எதையோ தொடப்போய் ஐகான் பட்டையே காணாமல் போய்விட்டது. அண்ணன் மகன் போனில் எழுத்துக் கூட்டிச் சொன்ன ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினார்.

"எல்லாம் முதல் நாள் இருந்த மாதிரியே வந்துருச்சுங்க. அதெப்படிங்க, முதல் நாள் எப்படி இருந்துச்சுன்னு நாலு மாசமா எங்க எழுதி வெச்சிருந்துச்சு? அப்புறம் இன்னொண்ணு. எல்லாம் போயும் அந்த பில் புக் மட்டும் போகலீங்க. அது ஏனுங்க?"

முதல் கேள்வி பலருக்கும் வருவதுதான். இரண்டாவதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம்ம பக்கம் எந்த நாற்சந்தியில் நின்றாலும் ஒரு பேக்கரி இருக்கும். டீ, தேங்காய் பன், பப்ஸ் என்று சுவரில் அச்சடித்த விலைப் பலகை ஒன்று தொங்கும். டீ விலை ஏறினால் யாரும் பலகையைப் புதிதாக அடிப்பதில்லை. '12' என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கி '10' மேல் ஒட்டுவார்கள். அப்புறம் அதன்மேல் '15'. உற்றுப் பார்த்தால் ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் சுருண்டு, அடியில் பழைய எண்ணின் கால் தெரியும். ஏறாத விலைகளின் மேல் எதுவும் ஒட்டியிருக்காது, அங்கே பலகையே தெரியும்.

கம்ப்யூட்டரில் நீங்கள் மாற்றும் அமைப்புகளும் இப்படி ஒட்டப்படுபவைதான். உபுண்டுவில் திரையை நடத்துவது க்னோம் என்கிற மென்பொருள். எழுத்துரு எது, கடிகாரம் 12 மணியா 24 மணியா, மவுஸ் எவ்வளவு வேகம் என்று அதற்குள் நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கின்றன. க்னோமை எழுதியவர்களே ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை எழுதிவைத்திருக்கிறார்கள். அதுதான் அடிப்பலகை. அதை எடுத்து விநியோகிக்கும் உபுண்டுக்காரர்கள் தங்கள் எழுத்துரு, தங்கள் ஐகான் என்று சிலவற்றின் மேல் முதல் சுற்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். அதற்கு மேல், ஆபீஸிலோ கல்லூரியிலோ கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி ஒட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உங்களுடையது. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டரில், 'டிகான்ஃப்' என்ற உள்ஃபோல்டரில், 'யூசர்' என்ற பெயரில் ஒரே ஒரு சின்னக் கோப்பு. நாலு மாத உழைப்பு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்தக் கோப்பில் நீங்கள் மாற்றியது மட்டும்தான் இருக்கும். மாற்றாதது 'மாற்றவில்லை' என்றுகூட எழுதப்பட்டிருக்காது. ஏதாவது ஒரு செயலி 'எழுத்து என்ன அளவு?' என்று கேட்டால் தேடல் மேலிருந்து தொடங்கும். உங்கள் கோப்பில் பதில் இருந்தால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் நிர்வாகியின் அடுக்கு, அப்புறம் உபுண்டுக்காரர்கள் ஒட்டியது, அங்கும் இல்லையென்றால் அடிப்பலகை. மேலடுக்கில் காலியாக இருக்கும் இடம் கண்ணாடி மாதிரி, கீழே இருப்பதைக் காட்டும்.

கோபிக்காரர் தட்டிய கட்டளை என்ன செய்தது? அவருடைய ஸ்டிக்கர்களைக் கிழித்துப் போட்டது, அவ்வளவுதான். முதல் நாளை யாரும் எங்கேயும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. அது அத்தனை நாளும் அடியிலேயே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. பலகையிலேயே டீ பத்து ரூபாய் என்றிருக்கிறது. ஒருவர் அதன்மேல் இன்னொரு '10' ஸ்டிக்கரை ஒட்டுகிறார். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் பலகை அடிப்பவர் வந்து அடிப்பலகையையே '15' என்று மாற்றிக் கொடுத்தால்? ஸ்டிக்கர் இல்லாத கடையில் விலை பதினைந்தாகிவிடும். ஒட்டிய கடையில் பத்திலேயே நிற்கும்.

இது நிஜமாகவே நடந்தது. க்னோம் பல வருடங்களாக 'கேன்டரெல்' என்ற எழுத்துருவை இயல்பாக வைத்திருந்தது. 2025 மார்ச்சில் வந்த 48ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'அத்வைதா சான்ஸ்' என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தார்கள். (ஆமாம், நம்ம அத்வைதம்தான். யார் பெயர் வைத்தார்களோ, வாழ்க!) க்னோமைப் பெரிதாக மாற்றாமல் தருகிற ஃபெடோரா போன்ற லினக்ஸில் எழுத்துருவைத் தொடாமலே இருந்தவருக்குப் புதியது தானாக வந்துவிடும். வேறொன்றுக்கு மாறிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் பட்டியலில் கேன்டரெல்லைத் தேடி எடுத்துத் திரும்ப வைத்தவருக்கு வராது. முந்தின நாள் வரை இரண்டு பேர் திரையும் அச்சு அசலாக ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். ஆனால் ஒருவர் எதையும் சொல்லவில்லை, இன்னொருவர் 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார். சும்மா இருப்பதும் அதையே கேட்டு வாங்குவதும் வேறு வேறு என்பது இந்தக் கோப்புக்குத் தெரிகிறது. ஆகவே பழைய நிலைக்குப் போக வேண்டுமென்றால் பழைய மதிப்பைத் தேடிப்பிடித்து வைக்காதீர்கள். 'மீட்டமை' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். முன்னது ஒட்டும், பின்னது கிழிக்கும்.

நிர்வாகியின் அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஸ்டிக்கர் ஒட்டுவதோடு பூட்டும் போடலாம். பூட்டிய அமைப்புக்கு உங்கள் கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் தேடல் அதைக் கண்டுகொள்ளாது. கோயம்புத்தூரில் எந்தக் கல்லூரி லேபிலாவது ஒரு பொத்தான் சாம்பல் நிறமாகிக் கிடந்து, எத்தனை முறை தட்டினாலும் அசையாமல் இருந்தால், இப்படி யாரோ பூட்டியிருக்கலாம்.

விண்டோஸிலும் மேக்கிலும் பெயர்கள்தான் வேறு. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தில் பெரும்பாலான அமைப்புகள் ஐஎன்ஐ என்ற சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகளில் கிடந்தன. விண்டோஸ் 95 முதல் ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பெட்டகம் அந்த இடத்தைப் பிடித்தது. அதில் கணினிக்குப் பொதுவான கிளை ஒன்று, பயனருக்கான கிளை ஒன்று. எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்கிற பகுதியில் இரண்டையும் சேர்த்துத்தான் விண்டோஸ் காட்டும், மோதினால் பயனருடையதே ஜெயிக்கும். மேக்கிலும் வரிசையாகத் தேடும் அடுக்குகள் உண்டு.

சோமனூர் பக்கம் தறிக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். திரையில் குப்பைத் தொட்டி ஐகான் வலது மேல் மூலையில் இருக்கிறதே, அது ஈசானிய மூலையாயிற்றே என்று அவருக்குக் கவலை. இழுத்துக் கீழே விட்டார். கணக்குக் கோப்பைக் கன்னி மூலை என்று இடது கீழ்ப்பக்கம் வைத்தார். ஒரு மாதம் கழித்து ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மானிட்டரையே எதிர்ச்சுவருக்குத் திருப்பினார். இப்போது எது வடக்கு? ஐகானின் இடம் என்பது திரையின் இடது மேல் மூலையிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி, எத்தனை புள்ளி கீழே என்கிற இரண்டு எண்கள்தான். அந்த எண்களுக்குத் திசை தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்தாலும்..." என்று இழுத்தார். பணம் போட்டுத் தறி வாங்கியவர் பயம் எனக்குப் புரிகிறது. திரைக்கு வாஸ்து பார்க்கக் காசு கேட்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால்? 2012இல் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. பகலில் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத நாட்கள் அவை, யுபிஎஸ் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரமே கிடைக்காது. கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால் பழையதும் போய்ப் புதியதும் அரைகுறையாகிவிடும். அதனால் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. முழுக் கோப்பையும் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பழையதன் பெயரை இதற்குச் சூட்டுவார்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும், பாதி மாறிய பெயர் என்று ஒன்று கிடையாது.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் 2009இல் ஒரு கூத்து நடந்தது. லினக்ஸில் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்க ஈஎக்ஸ்டி4 என்ற புதிய கோப்பு முறை வந்த சமயம். வேகத்துக்காக அது உள்ளடக்கத்தை நினைவகத்திலேயே கொஞ்ச நேரம் தாமதித்து வைத்திருந்தது, பெயர் மாற்றத்தை மட்டும் முன்னதாக வட்டில் பதித்துவிட்டது. அந்த இடைவெளியில் கணினி நின்றுபோனவர்கள் திரும்பப் போட்டுப் பார்த்தால், அமைப்புக் கோப்பு பெயரோடு இருக்கிறது, உள்ளே பூஜ்யம் பைட். செயலி எழுதுகிறவர்கள்தான் 'வட்டில் பதித்துவிட்டாயா' என்று கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும் என்றார் ஈஎக்ஸ்டி4ஐப் பராமரித்த தியோடர் ட்ஸோ. சொல்லிவிட்டு, இப்படிப் பெயர் சூட்டும்போது உள்ளடக்கத்தையும் சேர்த்து வட்டுக்குத் தள்ளும் திருத்தத்தை அவரே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.30ஆம் பதிப்பில் சேர்த்தும் விட்டார்.

இனி மெனு. மெனுவில் தெரியும் ஒவ்வொரு செயலிக்குப் பின்னாலும் ஓர் எழுத்துக் கோப்பு இருக்கிறது. நோட்பேட் மாதிரி எதிலும் திறந்து படிக்கலாம். பெயர் என்ன, எந்த ஐகான், அழுத்தினால் எதை ஓட்ட வேண்டும் என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். பெயர் வரிக்குக் கீழேயே மொழிவாரியாகவும் பெயர்கள் வரும். உங்கள் கணினி தமிழில் இருந்தால் முதலில் 'இந்தியத் தமிழ்' என்று குறித்த வரியைத் தேடும், இல்லையென்றால் வெறும் 'தமிழ்', அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம். அடுக்கு, மறுபடியும்! தமிழில் வைத்த மெனுவில் பாதி தமிழாகவும் பாதி ஆங்கிலமாகவும் தெரிவது இதனால்தான். அந்தச் செயலிக்குத் தமிழ் ஸ்டிக்கர் ஒட்ட யாரும் வரவில்லை என்று அர்த்தம். இப்படி ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் மொழிபெயர்ப்பவர்கள். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஊரே திருவிழாக் கோலம். அப்படிப்பட்ட செலவில் ஒரு துளியை வருடா வருடம் இந்தச் சிறு வரிகளுக்கு ஒதுக்கினால் போதும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

பில் புக்குக்கு வருவோம். கோபிக்காரர் மெனு திருத்தும் செயலியில் பெயரை மாற்றியபோது, அது கால்க்கின் கோப்பை முழுதாக நகலெடுத்து, அதே கோப்புப் பெயரில் அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் வேறொரு மறைவிடத்தில் வைத்து, பெயர் வரியை மட்டும் திருத்தியது. மெனு தயாராகும்போது அவருடைய ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அங்கே ஒரு கோப்பு இருந்தால், கணினிக்குப் பொதுவான இடத்தில் அதே பெயரில் இருப்பது கணக்கிலேயே வராது. அவர் தட்டிய கட்டளை டிகான்ஃப் கோப்பைத்தான் துடைத்தது. இது வேறு சுவரில் தொங்கும் பலகை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டிகான்ஃபில் ஒவ்வொரு விலைக்கும் தனித்தனி ஸ்டிக்கர். மெனுவில் அப்படியில்லை, பழைய பலகைக்கு முன்னால் முழுசாக இன்னொரு பலகையை மாட்டிவிடுகிறோம். நாளைக்கு லிப்ரே ஆபீஸ் அப்டேட் ஆகி, பின்னால் இருக்கும் கோப்பில் ஐகானோ ஓட்டும் கட்டளையோ மாறினால், முன்னால் இருக்கும் நகலுக்கு அது தெரியாது. ஒருநாள் பில் புக்கை அழுத்தினால் எதுவும் திறக்காமல் போகலாம்.

இதையெல்லாம் சொல்லி, அழிக்க வேண்டிய கோப்பு எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அது இருந்துட்டுப் போகட்டுங்க, கடைப் பையனுக்கு அந்தப் பேருதான் தெரியும்" என்றார்.