கேஸ்கட் – இடையடை

குக்கரில் விசில் வராமல் ஓரமாக ஆவி போனால் ‘கேஸ்கட் போயிடுச்சு’ என்கிறோம். பைக் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் ஆயில் கசிந்தாலும் அதே பேச்சுதான். பட்டறையில் தாளில் வெட்டியதைப் ‘பேக்கிங்’ என்பார்கள். எந்தப் பெயரானாலும் வேலை ஒன்று: போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து, சின்னச் சின்ன மேடுபள்ளங்களை நிரப்பிக் கசிவை அடைப்பது.

சொல் கடலிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்காரர்களுக்கு கேஸ்கட் என்றால் சுருட்டிய பாயைக் குறுக்குக் கழியோடு கட்டும் சிறு கயிறு. பிரெஞ்சு மொழியின் ‘கார்செட்’ (சிறுமி என்றும் மெல்லிய கயிறு என்றும் பொருள்) அதன் மூலமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. நீராவி எஞ்சின் வந்தபின், ஆவி தப்பாமலிருக்க பிஸ்டனைச் சுற்றிப் பின்னிய நார்க்கயிறு திணித்தார்கள். கயிற்றின் பெயர் அடைப்புக்கு ஒட்டிக்கொண்டது. நம் தோணிக்காரர்கள் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர்க்கசிவை அடைப்பதைக் ‘கலப்பத்து’ என்பார்கள். அதுவும் இந்த வேலைக்குப் பங்காளிதான்.

தமிழில் ‘அடைப்பு வளையம்’ என்று எழுதுவோர் உண்டு. குக்கருக்குப் பொருந்தும், ஓட்டை ஓட்டையாக வெட்டிய ஹெட் கேஸ்கட் எங்கே வளையமாக இருக்கிறது? ‘அடைப்பான்’ என்றால் மாட்டுக்காரர் ஆந்த்ராக்ஸ் நோயை நினைப்பார். என் தேர்வு ‘இடையடை’: இடையில் இருந்து அடைப்பது. தோசைக்கல் அடை ஞாபகம் வந்தாலும் பாதகமில்லை. சூட்டில் ஒட்டிக்கொண்ட பழைய பேக்கிங் அடிப்பிடித்த அடை மாதிரியேதான் இருக்கும்.

அதை எடுப்பதில்தான் வினை. ஒருமுறை அவசரத்தில் கிளட்ச் கவரை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். அலுமினியத்தில் குறுக்கே நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. புதுப் பேக்கிங் போட்டும் அந்தக் கோட்டின் வழியே ஆயில் வியர்த்தது. உள்ளிருந்து வெளியே ஓடும் கீறல்தான் ஆபத்து. அது ஒரு வாய்க்கால்.

இப்போதெல்லாம் முதலில் துளைகளில் துணி அடைத்துவிடுவேன். கேஸ்கட் ரிமூவரைத் தெளித்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை ஊறவிடுவேன். ரிமூவர் பெயின்ட்டையும் தோலையும் அரிக்கும், கையுறை வேண்டும். ஊறியது பிளாஸ்டிக் சுரண்டியிலேயே உரியும். மிச்சத்துக்குப் புது ரேசர் பிளேடு, ஏறக்குறையப் படுக்கை வாட்டில், முனை குத்தாமல். வரவில்லையா, அழுத்தாதீர்கள், மறுபடி ஊறவிடுங்கள்.

மெஷினில் மாட்டும் தேய்ப்பு வட்டு வேகமாகச் சுத்தம் செய்யும் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் பட்டறைகளுக்கு எழுத்திலேயே எச்சரித்திருக்கிறது. உப்புத்தாள் வேறு, தேய்த்த இடத்தைக் குழியாக்கும். பழைய வண்டியின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பாமல் ஈரமாகவே எடுக்க வேண்டும்.

கடைசியில் தின்னர் துணியால் துடைத்து, நேர்விளிம்பை (வளைவில்லாத உலோகப் பட்டை) மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்ப்பேன். பல பைக்குகளின் ஹெட்டுக்கு மேனுவலில் வரம்பு 0.05 மில்லிமீட்டர்தான். அந்தத் தகடு நுழைந்துவிட்டால் புது இடையடையை உறையிலிருந்து பிரிக்காமல், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.