பிக்கப்புக்குத் தார்ப்பாய்: கனத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஊட்டியில் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பது என் தொழில். பிக்கப் ஓட்டும் தம்பிகள் கடைக்கு வந்ததும் கேட்பது, "எத்தனை ஜிஎஸ்எம் அண்ணா?" ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. எண் கூடினால் உழைப்பும் கூடும் என்பது சமவெளியில் ஓரளவு சரி. நான் திருப்பிக் கேட்பது, "என்னப்பா ஏத்துறே?"

கேரட்டை எடுத்துக்கொள்வோம். கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் மெஷினில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை பிடித்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். சில மணி நேரத்தில் குளிரிலிருந்து வெக்கைக்குப் போகிற சரக்கு. பிவிசி பூசிய தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. துணியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்து மூட்டை மேலேயே சொட்டும். மழையே பெய்யாத நாளில் "தார்ப்பாய் ஒழுகுது" என்று வருவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஊசி ஓட்டைகூட இருக்காது.

பசுந்தேயிலை இன்னும் கஷ்டம். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுச் சூட்டைக் கிளப்பும். அமுக்கி ஏற்றிக் காற்றில்லாமல் மூடினால், பேக்டரி போய்ச் சேர்வதற்குள் நடுவில் இருக்கிற இலை சிவந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் மெழுகு ஏற்றிய பருத்தி கேன்வாஸைத்தான் சொல்வேன். நனைந்தால் நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் காற்று விடும். தொல்லையும் உண்டு. நனைந்த கேன்வாஸை ஒரு ஆள் தூக்குவது சிரமம், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் அதை எங்கே காயப்போடுவது? அங்கே ஓடும் வண்டிக்கு பிவிசியே மேல், ஆனால் முன்னும் பின்னும் திறந்து மூடுகிற மாதிரி காற்று ஜன்னல் வைத்துத் தைக்க வேண்டும். சிமெண்ட், உரம் ஏற்றுபவர்கள் யோசிக்கவே வேண்டாம், பிவிசிதான்.

பிவிசி வாங்கும்போது ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் வேண்டாம். உறைபனிக் காலையில் அது அட்டை மாதிரி விறைக்கும், கோடு விழுந்த இடம்தான் முதலில் வெடிக்கும். நல்ல சரக்கையும் கொஞ்சம் வெயில் ஏறிய பிறகே மடியுங்கள். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நீலப் பாய் விறகு மூடத்தான் லாயக்கு. குளிர்கிறதே என்று மலை வெயிலை லேசாக எடை போடாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும்.

அப்புறம் தையல். ஓரத்தில் உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா, பித்தளை வளையம் அடித்த இடத்தில் துணி இரட்டையாக இருக்கிறதா, நூல் பாலியஸ்டரா என்று பாருங்கள்.

கிழிந்து வருகிற தார்ப்பாய்களை விரித்தால் ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தார்ப்பாயைத் தாங்கும் வளைவுக் கம்பி மடங்கும் தோள்பட்டையில். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் துணி அங்கேதான் தேய்கிறது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் பிளந்து கம்பியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். கடையில் புதுத் தார்ப்பாய் விற்கிற நானே சொல்கிறேன், பழசே இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

நடுக் கம்பி நன்றாகத் தூக்கி இருக்கட்டும். தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி, பர்லியார் இறக்கத்தில் பிரேக் போட்டதும் மொத்தமும் கேபின் பக்கம் பாயும். தார்ப்பாய் சரக்கைப் பிடித்து நிறுத்தாது, அதற்குக் கயிறு தனியாகப் போட வேண்டும். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மழை என்று தோட்டத்து ஆட்களைப் பின்னால் ஏற்றித் தார்ப்பாயை இறக்கிவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தப்பு. பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால் வண்டி ஓடும்போது புகை உள்ளே இழுக்கப்படும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, வாந்தி வந்தால் வளைவு சுற்றியதால் என்று நினைத்துவிடுவார்கள்.

அளவு கொடுக்க வரும்போது பொட்டியின் நீள அகலத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வராதீர்கள். வண்டியையே கொண்டு வாருங்கள், கம்பி மேல் கயிறு போட்டு அளந்துகொள்கிறேன். சரக்கோடு வந்தால் இன்னும் நல்லது.