விமானத்தில் கிர்பான், பைக்கில் தலைப்பாகை: சட்டம் எதுவரை விடுகிறது?

மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. சீக்கியர்கள் கிர்பான் (சிறு வாள்) அணிவது அவர்கள் மதத்தின் பகுதி என்பதும் அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. இருந்தாலும், அதை எங்கே, எந்த அளவில் கொண்டுபோகலாம் என்பதை வேறு விதிகள் தீர்மானிக்கின்றன.

விமானப் பயணத்துக்குச் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 2022 மார்ச்சில் வெளியிட்ட உத்தரவு இது: கிர்பானின் அலகு (கத்திப் பகுதி) 6 அங்குலத்துக்கு (15.24 செ.மீ.) மிகக் கூடாது, பிடியோடு மொத்த நீளம் 9 அங்குலத்துக்கு (22.86 செ.மீ.) மிகக் கூடாது. சீக்கியப் பயணி அதை உடலில் அணிந்திருக்க வேண்டும். கைப்பையில் போட்டு எடுத்துப்போக இந்தச் சலுகை இல்லை. இந்திய விமானமாக, முழுக்க உள்நாட்டுப் பயணமாக, உள்நாட்டு முனையத்திலிருந்து கிளம்புவதாக இருக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். சென்னையிலிருந்து டெல்லி வழியாக லண்டன் போகிறவர், டெல்லி வரை அணிந்துபோய்விட்டு அங்கே பாதுகாப்புச் சோதனையில் சிக்கிக்கொள்வார். கிளம்பும் இடத்திலேயே, செக்-இன் கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது. அளவு மீறிய கிர்பானுக்கும் இதே வழிதான். வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். இந்த அனுமதியை எதிர்த்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

ஹெல்மெட் விஷயம் வேறு மாதிரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு தருகிறது. கிர்பான், பக்கத்தில் இருப்பவரின் பாதுகாப்பையும் தொடுவதால் அதற்கு அங்குலக் கணக்கு. ஹெல்மெட் இல்லாத ஆபத்து பெரும்பாலும் ஓட்டுபவருக்கே என்பதால் இங்கே விலக்கு தாராளமாக இருக்கிறது. எங்களுக்கு இந்த வேறுபாடு நியாயமாகவே படுகிறது.

ஆனால் அந்தப் பிரிவு பெயர் சொல்லி விலக்கு தரும் மதம் அது ஒன்றுதான். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதோ, தொழுகைத் தொப்பி வைத்திருப்பதோ காரணமாகாது. பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம். 194டி பிரிவின்படி ஓட்டுநர் உரிமத்தை 3 மாதம் முடக்கவும் இடமுண்டு. தலைப்பாகை கட்டியவர் ஓட்டினாலும், பின்னால் வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட் கட்டாயம்.