24 சதவீத லோன் உண்மையில எத்தினை சதவீதம்?

திருகோணமலை மூதூர்ல இருந்து நுண்கடன் எடுத்த ஒரு அக்கா கேட்டிருந்தா, "24 சதவீத வட்டி எண்டுதான் சொன்னாங்க தம்பி, பிறகேன் கட்டக் கட்ட முடியுதில்ல?"

நுண்கடன் கதை தெரிஞ்சதுதான். 1976ல வங்காளதேசத்தில முகமது யூனுஸ் தொடங்கினார், சொத்துப் பிணை இல்லாம ஏழைப் பெண்களுக்குக் கடன், 2006ல நோபல் பரிசும் கிடைச்சுது. எங்கட பக்கம் 2009ல யுத்தம் முடிஞ்ச பிறகு கம்பனியள் வரிசையா வந்து ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு லோன் குடுத்தது.

இப்ப கணக்குக்கு வருவம். 50,000 ரூபா, 52 கிழமை, பிளாட் வட்டி (எடுத்த முழுக் காசுக்கும் கடைசி வரைக்கும் போடுற வட்டி) 24 சதவீதம். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். ஆனா அந்த 50,000 வருசம் முழுக்க உங்கட கையில இருந்ததா? இல்லையே, முதல் கிழமையே திருப்பிக் குடுக்கத் தொடங்கிட்டீங்க, 26ஆவது கிழமையில பாதிதான் மிச்சம், சராசரி பாத்தா வருசத்துக்கு 25,000 சொச்சம்தான் உங்களிட்ட இருந்திருக்கு, வட்டி மட்டும் கடைசி வரைக்கும் 50,000க்குப் போகுது. தம்பலகாமத்தில 5 ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து, மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடுத்துக்கொண்டே 5 ஏக்கருக்கும் குத்தகை கட்டுற மாதிரி. இதே கட்டுக்காசை, மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி எண்டு வச்சுத் திருப்பிக் கணக்குப் பாத்தா வருசத்துக்கு ஏறத்தாழ 44 சதவீதம் வரும்!

ஆனா கம்பனி அறிக்கையில வசூல் நல்லாத்தான் இருக்கும். இந்த லோனைப் பெண்கள் குழுவாத்தான் எடுக்கிறது, ஒருத்தி கட்டாட்டி குழுவில மற்றாக்கள் போட வேணும், அந்த வெக்கத்துக்குப் பயந்து இன்னொரு கம்பனியில எடுத்து இதுக்குக் கட்டுவாங்க, ரெண்டு கம்பனிப் புத்தகத்திலயும் கணக்குச் சரி, வீட்டில கடன் ரெண்டு.

எனக்கு நல்லாப் பிடிச்ச ஆராய்ச்சி ஒண்டு இலங்கையிலயே நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் எண்ட மூண்டு பொருளியல் ஆராய்ச்சியாளரும் காலி, மாத்தறை, களுத்துறைச் சின்ன வியாபாரிகளில குலுக்கல் முறையில ஆக்களைத் தெரிஞ்சு 10,000 இல்லாட்டி 20,000 ரூபா பெறுமதிக்குச் சும்மா குடுத்துப் பாத்தாங்க, கடன் இல்ல. சராசரியா, அந்தக் காசில மாசத்துக்கு 5 சதவீதம் கிட்ட லாபம் வந்திருக்கு. ஆனா பிரிச்சுப் பாத்தா அது ஆம்பிளையளின்ட வியாபாரத்திலதான், பெண்களுக்கு லாபம் கூடினதாத் தெரியேல்ல. நுண்கடன் போறதோ பெரும்பாலும் பெண்களுக்கு. அப்ப 44 சதவீத வட்டி கட்டக் காசு எங்கால வரும்? இப்படி ஒரு ஆராய்ச்சியைக் கிண்ணியா, குச்சவெளிப் பக்கமும் செய்யக் காசு ஒதுக்கத்தான் வேணும்.

2018ல வரட்சி மாவட்டப் பெண்கள் கட்டேலாம நிண்ட ஒரு லட்சத்துக்குக் குறைஞ்ச கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததை நான் வரவேற்கிறன், ஆனா அது பழைய கடனைத்தான் அழிச்சுது, வட்டிக் கணக்குப் போடுற முறையை அது மாத்தேல்ல. அக்கா, அடுத்த முறை கையெழுத்துப் போட முதல், வட்டி எடுத்த முழுக் காசுக்கா மிச்சக் காசுக்கா எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்க.