எலிக்குப் பதில் கைதியா?

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருக்கிறார். தெருப் பூனைகள் ஏழெட்டுக்குத் தினமும் பால்சாதம் பிசைந்து வைப்பவர், பூனைகளும் வேறு வழியில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகும். நான் கொஞ்சகாலம் மருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏண்டாப்பா, அந்த எலி என்ன பாவம் பண்ணித்து? கொலைகாரன், கொழந்தையக் கெடுத்தவன்னு ஜெயில்ல எத்தனை பேர் ஒக்காந்துண்டிருக்கான், அவனுக்கு ஊசியப் போட்டுப் பாக்கப்படாதா?"

மாமி மட்டுமில்லை, கொடூரமான குற்றச் செய்தி ஒன்று வந்துவிட்டால் நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். கேட்பதற்கு அறிவியல் மாதிரியும் இருக்கும்: மனிதனுக்கான மருந்தை மனிதனிடமே சோதித்தால் முடிவு சரியாக வருமே, நடுவில் எலி எதற்கு?

சரி, மாமிக்குத் தெரியாத ஒன்று, இதை மும்பையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1896-இல் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவத் தொடங்கியபோது வால்டெமார் ஹாஃப்கின் என்ற நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் இங்கே வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சின்ன அறை ஒன்றில் தடுப்பூசி தயாரித்தார். இறைச்சிச் சாற்றின் மேல் நெய்யை மிதக்கவிட்டால், நெய்த் துளிகளிலிருந்து பிளேக் கிருமிகள் ஆலம்விழுது மாதிரி கீழே தொங்கி வளரும். அவற்றைச் சூடாக்கிக் கொன்றால் தடுப்பூசி. முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார், 1897 ஜனவரி 10-ஆம் தேதி தனக்கே போட்டுக்கொண்டார், காய்ச்சலில் படுத்தார். அதே மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தபோது அங்கிருந்த கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊசிக்கு முன்வந்தார்கள், மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில், ஊசி போட்ட அன்றே நோய் வெளிப்பட்ட சிலரைக் கழித்துவிட்டால், 2 பேருக்கு வந்தது, இருவரும் பிழைத்தார்கள்.

இந்தக் கணக்கு ஏன் நம்பும்படி இருக்கிறது என்றால் இரண்டு கூட்டமும் ஒரே சுவருக்குள் இருந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரே எலிகளோடு படுத்துக் கிடந்தது, யாரும் நடுவில் ஊருக்குக் கிளம்பிப் போகவில்லை. ஆராய்ச்சிக்காரனுக்குச் சிறை பிடித்துப்போவது இதனால்தான். யாரும் வெளியே போக முடியாத இடத்தில் ஒருவர் 'சரி' என்று சொன்னால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்ற சிக்கலும் அதே சுவரிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது எலிக்கு வருவோம். எலியிடம் சோதிப்பது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலை வேறு: எவ்வளவு கொடுத்தால் உடம்பு கெட ஆரம்பிக்கிறது, முதலில் கெடுவது ஈரலா சிறுநீரகமா, நிறுத்தினால் சரியாகிறதா. இதைப் பார்க்க, கடைசியில் அந்தப் பிராணியைக் கொன்று, உறுப்பு உறுப்பாக மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். கொறிக்கும் பிராணி ஒன்று, கொறிக்காதது ஒன்று என்று பொதுவாக இரண்டு இனங்களில் பார்ப்பார்கள். எந்த அளவு வரை ஒரு கெடுதலும் தெரியவில்லையோ அதிலிருந்துதான் மனிதனுக்கான முதல் அளவு வருகிறது. எலி சின்னது, எடைக்கு அதன் தோல்பரப்பு அதிகம், மருந்தையும் வேகமாக எரித்துத் தள்ளிவிடும், அதனால் ஆய்வக வெள்ளெலிக்கான (சுண்டெலி அல்ல, 'ரேட்' என்கிற பெரியது) மருந்தளவை 6.2-ஆல் வகுக்கிறார்கள். கிலோவுக்கு 62 மில்லிகிராம் அதற்குப் பாதுகாப்பு என்றால் மனிதனுக்குக் கிலோவுக்கு 10. நேரே அதைக் கொடுத்துவிட மாட்டார்கள், இன்னும் பத்தால் வகுத்து கிலோவுக்கு 1, அதாவது 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம். அதுதான் உச்சவரம்பு, அதற்கும் கீழே கூடத் தொடங்கலாம்.

ஆக, மாமி கேட்டபடி கைதியை எலியின் இடத்தில் உட்கார வைத்தால் அவனை அறுத்தும் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் மாமி முகம் சுளித்தார், "அதெல்லாம் வேண்டாம், ஊசி மட்டும்" என்றார்.

ஊசி மட்டும் என்றாலும் கணக்கு இடிக்கிறது. மனிதப் பரிசோதனையில் பாதித் தகவல் வாய்மொழியாக வருவது: தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை. தண்டனை குறையும் என்ற ஆசையில் இருப்பவன் குமட்டலை மறைப்பான், சிறை ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் என்று தெரிந்தவன் இல்லாத வலியைச் சொல்வான், கட்டாயப்படுத்தப்பட்டவன் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துப் பின்னால் துப்புவான். அப்படி வந்த எண்களை வைத்து என் அம்மாவுக்கு ஒரு மருந்தைக் கொடுக்க நான் துணியமாட்டேன். அப்புறம், நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள், ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் கிடப்பவர்களும் அதில் உண்டு.

எலியோ குரங்கோ எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதாட வரவில்லை. மாமியின் பூனைக்கு ஒருமுறை உடம்பு சுட்டபோது பாதி பாராசிட்டமால் கொடுக்கப் போனார், நல்லவேளை தடுத்தேன், அந்த மாத்திரையை உடைத்து வெளியேற்றும் ஈரல் வேலை பூனைக்குச் சரியாக நடக்காது, செத்தே போயிருக்கும். இனத்துக்கு இனம் உடம்பு அவ்வளவு மாறுகிறது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை, குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்கு மட்டும், ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தார்கள். அந்த மருந்து போய் ஒட்டவேண்டிய மூலக்கூறு, குரங்கின் குறிப்பிட்ட சில நோயெதிர்ப்புச் செல்களில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த இடத்தில் மாமி கட்சிக்குப் பலம் கூடுகிறது. ஆனால் அந்த ஆறு பேரும் தாங்களாக வந்தவர்கள், வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவர்கள்.

நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947-இல் எழுதப்பட்ட நூரம்பெர்க் நெறிமுறையைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். முதல் விதி, ஆளின் சொந்தச் சம்மதம். மூன்றாவது விதி, முதலில் விலங்குகளிடம் சோதித்திருக்கவேண்டும். எலியும் சம்மதமும் ஒரே தாளில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று யாரும் எழுதவில்லை. இந்தியாவில் 2023-இல் மருந்துச் சோதனை விதியைத் திருத்தி, செல்களையும் உறுப்புச் சிப்புகளையும் (உறுப்பு மாதிரி வேலை செய்யும்படி மனிதச் செல்களை வளர்த்த சின்னச் சில்லுகள்) வைத்துச் செய்யும் சோதனைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், எலிகளின் எண்ணிக்கை குறைய அது உதவலாம்.

அதே வழக்கில் நாஜிகளின் தரப்பு, அமெரிக்கா மட்டும் என்ன ஒழுங்கா என்று சுட்டிக்காட்டியது இலினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையை. 1940-களில் அங்கே கைதிகளைக் கொசுக்களிடம் கடிக்கவிட்டு மலேரியா வரவழைத்து மருந்துகளைச் சோதித்தார்கள். பின்னால் அங்கே பிரைமாகுயின் என்ற மருந்தைக் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகள் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தன. ஏன் என்று தோண்டியதில், 1956-இல், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி அவர்களிடம் குறைவு என்று தெரிந்தது. ஆய்வக எலிகள் காட்டிக்கொடுத்திராத விஷயம். மும்பைப் பார்சிகளிடமும் இந்தக் குறைபாடு கணிசமாக உண்டு.

போன மழைக்காலத்தில் எனக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தது. ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல அதே பிரைமாகுயினைத்தான் டாக்டர் எழுதினார், அதற்கு முன் ஜி6பிடி பார்க்கச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் சீட்டு வந்தது, நார்மல். 14 நாளும் மாத்திரையை முழுங்கினேன்.