லாகின் பொத்தானும் ஐரோப்பா தரும் உரிமையும்

‘கூகுள் கணக்கு மூலம் உள்நுழைக’, ‘ஆப்பிள் மூலம் உள்நுழைக’ என்ற பொத்தான்களால் வசதி இருக்கிறது. தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு என்று நினைவில் வைத்திருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குள் எப்போது நுழைகிறீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கு முடக்கப்பட்டால், அதை நம்பி உள்ளே போன மற்ற தளங்களிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தக் கவலை பழையது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் ‘பாஸ்போர்ட்’ என்ற பொது லாகினைக் கொண்டுவந்தது. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போய்விடுமே என்று, 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் வேறு சில நிறுவனங்களும் ‘லிபர்ட்டி அலையன்ஸ்’ என்று கூடிப் பொதுத் தரநிலைகளை உருவாக்கத் தொடங்கின.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் 7 முதல் ஆல்ஃபபெட் (கூகுளின் தாய் நிறுவனம்), அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ் (டிக்டாக்கின் தாய் நிறுவனம்), மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. தன் தளத்தின் வழியே சேவை தரும் பிற நிறுவனங்களையோ அவற்றின் பயனர்களையோ ‘என் லாகினைத்தான் பயன்படுத்த வேண்டும்’ என்று இவை கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் தகவல்களை ஒன்றுசேர்ப்பதற்காக, உங்கள் சம்மதம் இல்லாமல் தன் மற்ற சேவைகளிலும் உங்களை உள்நுழைய வைக்கக் கூடாது. மீறினால் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 10% வரை அபராதம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு தளம் தானாகவே விரும்பி கூகுள் லாகினை மட்டும் வைத்தால், இந்த விதி அதைத் தடுக்காது.

அடுத்தது ஐரோப்பிய டிஜிட்டல் அடையாள வாலட்: உங்கள் அடையாளத்தைப் போனில் வைத்துக்கொண்டு, தளங்களில் உள்நுழையப் பயன்படுத்தும் செயலி. 2024-இல் வந்த சட்டப்படி, 2026 முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்பு நாடும் குறைந்தது ஒரு வாலட்டாவது தர வேண்டும். தனிநபர்களுக்கு இது இலவசம். வேண்டாம் என்பவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வாலட் இல்லை என்பதற்காகச் சேவையை மறுக்கவும் கூடாது. மாதம் 4.5 கோடிக்கு மேல் ஐரோப்பியப் பயனர்கள் உள்ள பெரிய தளங்களில் லாகின் தேவைப்பட்டால், நீங்கள் கேட்கும்போது வாலட்டை ஏற்றாக வேண்டும். சட்டம் அடையாளத்தைக் கேட்காத இடங்களில் புனைபெயரே போதும். யாரிடம் என்ன தகவல் கொடுத்தீர்கள் என்பதையும் வாலட்டிலேயே பார்க்கலாம்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது வேறொரு விதி: உங்கள் போனில் நிறுவப்படும் பகுதியின் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருக்க வேண்டும். அது என்ன செய்கிறது என்று விவரம் தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம். அப்படியும் ஒரு கவலை மிஞ்சுகிறது. வாலட் ஓடப்போவது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்களில்தான். லாகினில் விட்ட பிடியை அந்த நிறுவனங்கள் போன் வழியாகத் திரும்பப் பிடிக்காமல் இருக்கிறதா என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? மின்னஞ்சல் வைத்துக் கணக்குத் தொடங்க வழியிருந்தால் அதையே எடுங்கள். இந்த நிறுவனங்களில் ஒன்று தன் லாகினைத் திணித்தால், உங்கள் ஐரோப்பிய நாட்டில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் போட்டி ஒழுங்குமுறை அமைப்புக்கோ நேராக ஐரோப்பிய ஆணையத்துக்கோ தெரிவிக்கலாம். சாதாரணப் பயனருக்கும் அந்த உரிமை உண்டு.