இருபது கிரெடிட்டுக்கு மேல் இன்னும் எத்தனை?

பாளையங்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “மேடம், இந்த கோர்ஸும் சேரவா?” டைப்ரைட்டிங், ஆன்லைன் சர்டிபிகேட், குரூப் 4 கோச்சிங், போதாததற்குத் தபால் வழியில் இரண்டாவது டிகிரி. 2022-லிருந்து ஒரே சமயத்தில் இரண்டு டிகிரி படிக்க யுஜிசி அனுமதித்துவிட்டது. அதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது.

கல்லூரிப் பாடத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அது பாடத்திட்டத்திலேயே முடிவாகி வருகிறது. நம் கையில் இருப்பது அதற்கு மேல் ஏற்றிக்கொள்வது மட்டும்தான். முதலில், ஏற்கெனவே தலையில் இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு. வகுப்பு, செய்முறை, வீட்டில் உட்கார்ந்து படிப்பது எல்லாம் அதில் அடக்கம். செமஸ்டருக்கு இருபது கிரெடிட் என்றால் 600 மணி நேரம். பதினைந்து வாரத்துக்கு வகுத்தால் வாரம் 40. அதில் 30 மணி நேரம் கல்லூரியிலேயே போய்விடும். மீதிப் பத்து மணி நேரத்தை வீட்டில்தான் தேட வேண்டும்.

முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை. இரண்டாம் வருஷம், நன்றாகப் படிப்பவள். கல்லூரிக்குள்ளேயே நடக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் திடீரென்று இரண்டு பேப்பரில் மார்க் இறங்கிவிட்டது. திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “வாரத்துக்கு 168 மணி நேரம். எது எதுக்குப் போகுதுன்னு எழுதும்மா” என்றேன். தூக்கம் 49, கல்லூரி 30, பஸ்ஸும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் 15, குளிப்பது, சாப்பிடுவது, தண்ணீர் பிடிப்பது, வீட்டு வேலை 21 என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். அவள் நோட்டில் வந்த புகையிலைத் தூள் வாடையை நான் முன்னமே கவனித்திருந்தேன். “அதையும் எழுதும்மா, அதுவும் வேலைதானே” என்றேன். “ராத்திரி மூணு மணி நேரம் அம்மாகூட பீடி சுத்துதேன் மேடம்” என்று சொல்லி இன்னொரு 21 எழுதினாள். அப்புறம் டைப் கிளாஸ் 5. சனி, ஞாயிறு கோச்சிங் 8, அதற்குப் போய்வர 6. பன்னிரண்டு வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்றுக்கு 7. கழித்துப் பார்த்தால் மிச்சம் 6. தேவையோ பத்து. அந்த ஆறும் முழுசாக ஒரு நாளில் கிடைப்பதில்லை, இங்கே அரை மணி, அங்கே கால் மணி என்று சிதறிக் கிடக்கும்.

சோம்பேறித்தனம் என்று அந்த வீட்டில் யாரும் அவளைச் சொல்ல முடியாது. ஆனால் மார்க் குறைந்ததும் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சரி, எதை விடுவது? டைப்ரைட்டிங்கை விட வேண்டாம் என்றேன். அதன் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்டில் வருகிறது, செமஸ்டர் பரீட்சையோடு முட்டாது. கோச்சிங்கைத் தள்ளிப்போடச் சொன்னேன். குரூப் 4-ஐ டிகிரி முடித்த பின்னும் எழுதலாம், அதற்கு வயது இருக்கிறது. அதை நிறுத்தினாலே பயணத்தோடு சேர்த்து வாரம் 14 மணி நேரம் திரும்பி வருகிறது. ஆன்லைன் கோர்ஸைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல் போன்ற ஆன்லைன் தளங்களில் சேர்வதற்குக் காசு இல்லை, சர்டிபிகேட் தேர்வுக்குத்தான் கட்டணம். அதனால் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் தேர்வுக்குப் பதியாமல் விட்டுவிடலாம். அதற்காக யாரும் உங்களைத் தோற்றவர் என்று எழுதி வைக்கப்போவதில்லை.

கையில் அரியர், அதாவது முந்தைய செமஸ்டரில் தேறாமல் விட்ட பேப்பர், இருந்தால் பேச்சே வேண்டாம். அரியரும் ஒரு பாடம்தான், அதற்கும் மணி நேரம் வேண்டும். அது முடியும்வரை புதிதாக எதிலும் சேராதீர்கள்.

இதே தாளை ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பையனும் போட்டான். பஸ் இல்லை, வீட்டு வேலை இல்லை. முப்பது மணி நேரத்துக்கு மேல் மிச்சம். அவனிடம், “நீ இரண்டு கோர்ஸ் எடுக்கலாம்ப்பா, எடு” என்றுதான் சொன்னேன். பக்கத்து பெஞ்ச் பிள்ளை எத்தனை சேர்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை. செமஸ்டர் தொடங்கி பத்து நாளைக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். இன்டர்னல் முடிந்து போட்டால் பாதி செமஸ்டர் போயிருக்கும்.

பெற்றோரிடமும் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பா, “எல்லாத்தையும் சேத்துப் படிச்சிட்டா ஒரு வேலை கெடச்சிரும்லா டீச்சர்?” என்றார். அதில் ஆசையைவிடப் பயம்தான் அதிகம். தாளைக் காட்டினேன். அவர் வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார், பீடி என்ற வரியில் விரல் நின்றது. ஒன்றும் பேசவில்லை. கூட வந்திருந்த அம்மாதான் சொன்னார்: “பரீச்சை மாசம் மட்டும் அவ பங்கையும் நானே சுத்திக்கிடுதேன் டீச்சர்.”

பிள்ளை பேனாவை எடுத்து 21-ஐ அடித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் 7 என்று எழுதி, “ஒரு மணி நேரம் நானும் சுத்துதேன்” என்றாள்.